கேப்டன் பதவிக்கு ஆள் தேடும் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்ட் ஆடும் நாடுகளின் தேர்வுக் குழுவினருக்கும் வாரியப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2019 ஆகஸ்ட் 25, இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம். இலக்கு 359. இங்கிலாந்தின் கையில் ஒரே விக்கெட், தேவை 2 ரன். நேதன் லயன் போட்ட பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. விட்டிருந்தால் ஸ்டம்பைச் சாய்த்திருக்கும் பந்து. அம்பயர் ஜோயல் வில்சன் அவுட் இல்லை என்றார். ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்னிடம் ரிவியூ, அதாவது அம்பயரின் முடிவைத் திரையில் மறுபடி பார்க்கக் கேட்கும் வாய்ப்பு, மிச்சமில்லை. கடைசி ரிவியூவைச் சற்று முன்புதான் ஜாக் லீச்சுக்கு எதிராகச் செலவழித்திருந்தார். அந்தப் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனது. அப்படிப்பட்ட பந்து காலில் பட்டால் விதிப்படி அவுட் கொடுக்கவே முடியாது. அடுத்த ஓவரில் ஸ்டோக்ஸ் பவுண்டரி அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார்.

அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. ரிவியூ கேட்பது சொல்லிக்கொடுத்துப் பழக்கக்கூடிய வேலை. கிடைப்பது 15 விநாடி. பந்து போட்டவரின் பேச்சைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். போட்ட வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்து ஓடியிருப்பார், தன் பந்து எல்லாமே ஸ்டம்பில் படும் என்றுதான் அவர் மனசு சொல்லும். பந்தின் கோடு விக்கெட் கீப்பருக்குத் தெரியும். உயரம் பாயின்டிலோ ஸ்கொயர் லெக்கிலோ பக்கவாட்டில் நிற்பவருக்குத் தெரியும். மட்டையில் உரசிய சத்தம் ஷார்ட் லெக்குக்கும் முதல் ஸ்லிப்புக்கும் கேட்கும். ஆளுக்கு ஒரு கேள்வி என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டால் 15 விநாடி தாராளம். கீப்பர் "எங்கே பிட்ச் ஆனது" என்பதற்கு மட்டும் பதில் சொல்வார், பாயின்ட் "முட்டிக்கு மேலா கீழா" என்பதற்கு மட்டும். இருவரில் ஒருவர் இல்லை என்று தலையாட்டினாலும் ரிவியூ கேட்கக் கூடாது. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் த விக்கெட் வந்து வலக்கை ஆட்டக்காரருக்குப் போடுகிறார் என்றால் மற்ற எதையும் கேட்பதற்கு முன், லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனதா என்று கேட்க வேண்டும். பெய்ன் தானே கீப்பரும். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரே என்றால், "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உள்ள இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று அப்படி ஒருவர் இருந்திருந்தால் மதியம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நாங்கள் ஸ்கோர் எழுதுகிறவர்கள், பயிற்சி தருகிறவர்கள், அம்பயராக நிற்கிறவர்கள். எங்கள் மனக்குறை ஒன்றுதான். கேப்டன் பதவியை நீங்கள் பரிசாகக் கொடுக்கிறீர்கள். அதிக ரன் எடுத்தவருக்குக் கிடைக்கிற பரிசு. பரிசு என்பதால் அதற்குப் பயிற்சி கிடையாது, வேலை விவரம் கிடையாது, கால அளவு கிடையாது. தோற்கத் தொடங்கினால் பரிசைத் திருப்பி வாங்கிக்கொள்கிறீர்கள். கேப்டன்சி ஒரு தொழில். அதற்கென்று கருவி உண்டு, கணக்கு உண்டு, பிசகும் இடங்கள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்த மடல்.

ரன் குவித்தவர்களிடம் கொடுத்துப் பார்த்த கதை உங்களுக்கே தெரியும். சச்சின் டெண்டுல்கர் 25 டெஸ்டில் தலைமை தாங்கி 4 வென்றார். பிரையன் லாரா 47 டெஸ்டில் 10. இயன் போத்தம் 12 டெஸ்டில் ஒன்றுகூட வெல்லவில்லை. மறுபக்கம் இங்கிலாந்தின் மைக் பிரியர்லி. டெஸ்டில் ஒரு சதம்கூட இல்லை, சராசரி 22.88, ஆனால் தலைமை தாங்கிய 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்வி. உடனே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: இந்த எண்களை வைத்து லாராவை மோசமான கேப்டன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் கையில் கிடைத்த பந்துவீச்சு அப்படி. கிளைவ் லாயிட் 74 டெஸ்டில் 12 மட்டுமே தோற்றார் என்றால், ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், மார்ஷல் வரிசையாக வந்து நின்றதும் அதில் அடக்கம். வெற்றி விகிதம் அணியை அளக்கும்; கேப்டனை அளக்காது. நீங்களோ அதை மட்டுமே பார்க்கிறீர்கள்.

கேப்டனை எதை வைத்து அளப்பது? 1981 ஹெடிங்லிக்கே போவோம். லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்ஜியம் எடுத்த கையோடு போத்தம் பதவி விலக, பிரியர்லி திரும்ப வந்தார். ஃபாலோ-ஆன் வாங்கிய, அதாவது ரன்னில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வேண்டி வந்த இங்கிலாந்தைப் போத்தமின் 149 நாட் அவுட் தூக்கி நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு நினைவில் நிற்பது கடைசி இன்னிங்ஸ். ஆஸ்திரேலியாவுக்கு 130 போதும். 1 விக்கெட் இழப்புக்கு 56 என்று போய்க்கொண்டிருந்தது. வேகப்பந்து வீச்சாளர் பாப் வில்லிஸ் மேட்டை நோக்கி, காற்றுக்கு எதிராக ஓடிவந்து போட்டுக்கொண்டிருந்தார். பிரியர்லி அவரைக் கிர்க்ஸ்டால் லேன் முனைக்கு மாற்றி, சரிவில் இறங்கி வரவிட்டார். நோ-பால் பற்றிக் கவலைப்படாமல் வேகமாகப் போடச் சொன்னார். வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட். ஆஸ்திரேலியா 111க்கு ஆல் அவுட், இங்கிலாந்துக்கு 18 ரன் வெற்றி. அதே ஆள், அதே பந்து, மாறியது முனை. வானொலியில் யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், ஸ்கோர் அட்டையில் இடமே இல்லை. கேப்டனின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படாமல் நடக்கிறது.

பந்துவீச்சை மாற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் கேப்டனின் நாளில் பாதி அதற்கே போகிறது. 20 ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 4 ஓவர். கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். 20ஆவதும் 18ஆவதும் ஒருவருக்கு, 19ஆவதும் 17ஆவதும் இன்னொருவருக்கு. இந்த நான்கை ஒதுக்கிய பிறகுதான் பவர்பிளே எனப்படும் முதல் 6 ஓவர். அந்த இருவருக்கும் தலா 2 ஓவர் மீதி; அதை முதல் 6 ஓவருக்குள் செலவழிப்பதா, நடுவில் ஒரு கூட்டணியை உடைக்க ஒன்றை வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. சுழலுக்கு 7 முதல் 15 வரை இடம். இங்கே பிசகுவது எப்போதும் ஒரே இடத்தில்: 8ஆவது ஓவரில் 18 ரன் போய்விடும், கேப்டன் பதறிப்போய் 9ஆவதுக்கே முதல்தர ஆளைக் கூப்பிடுவார். ரன் நிற்கும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் 18ஆவது ஓவர் அனாதையாகி ஐந்தாவது பவுலரிடம் போய்ச் சேரும். தோல்வி எழுதப்படுவது 9இல், எல்லோரும் பார்ப்பது 18இல்.

எந்த முனை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு பக்கம் பவுண்டரி 10 மீட்டர் குறைவு என்றால், சுழலோடு சேர்த்து அடிக்கும் பந்து நீளமான பக்கம் போகும்படி சுழற்பந்து வீச்சாளருக்கு முனை கொடுக்க வேண்டும். வலக்கை, இடக்கை ஜோடி ஆடினால் ஒவ்வொரு ஒற்றை ரன்னுக்கும் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஆகையால் அந்த ஜோடிக்கு எதிராக முதலில் தடுக்க வேண்டியது சிக்ஸரை விட ஒற்றை ரன்னை. இதைத் தெரிந்துகொண்டே மிட்-ஆஃபைப் பின்னுக்கு அனுப்பும் கேப்டன்களை வாரா வாரம் பார்க்கிறோம்.

டெஸ்டில் கணக்கு வேறு. 80 ஓவரில் புதுப்பந்து. வேகப்பந்து வீச்சாளர் ஒரு மூச்சில் போடும் ஸ்பெல் 5, 6 ஓவர். வெயில் கடுமையாக இருந்தால் 4. புதுப்பந்து வரும்போது முதல் இருவரும் ஓய்ந்த காலோடு நிற்க வேண்டுமானால், ஏறக்குறைய 68 முதல் 80 வரை சுழலையும் பகுதிநேர ஆட்களையும் வைத்து ஓட்ட வேண்டும். ஆசைதான் கெடுக்கும். 74ஆவது ஓவரில் ஒரு எட்ஜ் ஸ்லிப்புக்கு முன்னால் விழுந்தால் போதும், சிறந்த ஆளிடம் பழைய பந்தைக் கொடுத்து ஐந்து ஓவர் போட வைத்துவிடுவார்கள். புதுப்பந்து கைக்கு வரும்போது அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். முதல் அரை மணி நேரம்தான் பந்து நன்றாக ஸ்விங் ஆகும்; அது போய்விடும்.

ஃபாலோ-ஆனும் உண்மையில் இதே கணக்குதான். 200 ரன் முன்னிலை இருந்தால் கேட்கலாம். கேட்ட அணி தோற்றது டெஸ்ட் வரலாற்றில் நான்கே முறை: 1894 சிட்னி, 1981 ஹெடிங்லி, 2001 கொல்கத்தா, 2023 வெலிங்டன். இருந்தும் இன்றைய கேப்டன்கள் தயங்குகிறார்கள். லட்சுமண் 281, டிராவிட் 180 என்று கொல்கத்தாவில் நடந்தது கண்ணுக்குள் நிற்கிறது என்பார்கள். பேயைக் கண்டு பயப்படுவதை விட, உங்கள் பவுலர்கள் முதல் இன்னிங்ஸில் எத்தனை ஓவர் போட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பது மேல். 50 ஓவரில் சுருட்டியிருந்தால் கேளுங்கள். 110 ஓவர் பிடித்திருந்தால், நாளின் கடைசி ஒன்றரை மணி நேரமும் மறுநாள் காலையும் நீங்களே ஆடி உங்கள் பவுலர்களைப் படுக்க விடுங்கள்.

இப்போது உங்கள் மீதான எங்கள் முதல் புகார். முடிவை அதன் விளைவை வைத்து மட்டும் மதிப்பிடுகிறீர்கள்.

2007 டி20 உலகக் கோப்பை இறுதி, ஜோஹன்னஸ்பர்க். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை, கையில் ஒரு விக்கெட். ஹர்பஜன் சிங்குக்கு ஒரு ஓவர் மீதி இருந்தது. ஆனால் போட்ட 3 ஓவரில் 36 ரன் கொடுத்திருந்தார், மிஸ்பா உல் ஹக் அவரைச் சிக்ஸர்களாக வெளுத்திருந்தார். தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். மிஸ்பா ஒரு சிக்ஸர் அடித்தார். அடுத்ததைப் பின்பக்கம் தூக்கிவிட, ஷார்ட் ஃபைன் லெக்கில் ஸ்ரீசாந்த் பிடித்தார். 5 ரன்னில் வெற்றி. அன்றிலிருந்து அது மேதைமை. அந்தப் பந்து இரண்டு கஜம் தள்ளி விழுந்திருந்தால்? அதே முடிவு முட்டாள்தனம் ஆகியிருக்கும், அந்த கேப்டனின் கதையே வேறாகியிருக்கும். முடிவு நல்லதா என்பதை, எடுத்த நொடியில் அவருக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். சற்று முன் மூன்று சிக்ஸர் வாங்கிய சுழற்பந்து வீச்சாளரை விட்டுவிட்டு, அன்று ஒழுங்காகப் போட்ட ஆளைத் தேர்ந்தது நியாயமான முடிவு. மிஸ்பா அதை சிக்ஸருக்கு அனுப்பியிருந்தாலும் நியாயமான முடிவுதான்.

டாஸ் இதைவிட மோசம். 2002இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்து கேப்டன் நாசர் ஹுசைன் டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை முதலில் ஆடச் சொன்னார்; முதல் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 364. 2005இல் எட்ஜ்பாஸ்டனில், ஆட்டத்துக்கு முன் மெக்ராத் பந்தை மிதித்துக் கால் பிசகி வெளியேறிய காலையில், பான்டிங் இங்கிலாந்தை ஆடச் சொன்னார். ஒரே நாளில் 407, இரண்டு ரன்னில் தோல்வி. இருவரையும் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். 2023 நவம்பர் 19, அகமதாபாத்: பேட் கம்மின்ஸும் டாஸ் வென்று இந்தியாவை ஆடச் சொன்னார். இந்தியா 240, டிராவிஸ் ஹெட் 137, கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு. அவரைச் சொல்லிக் காட்டுவார் இல்லை. 1996இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்கவும் அப்படியே. அதுவரை நடந்த உலகக் கோப்பை இறுதிகளில் இலக்கைத் துரத்திய அணி வென்றதே இல்லை. இலங்கை 3 விக்கெட் மட்டும் இழந்து முடித்தது, அரவிந்த டி சில்வா 107 நாட் அவுட்.

எங்கள் யோசனை எளியது. டாஸுக்கு முன் கேப்டன் அரைப் பக்கம் எழுதி உறையில் போட்டு மேலாளரிடம் கொடுக்கட்டும். ஆடுகளம் எப்படி இருக்கிறது, வென்றால் எதைத் தேர்வேன், ஏன். யாரை எந்த முனையில் தொடங்குவேன். எதிரணியின் எந்த இரண்டு பேருக்கு என்ன திட்டம். எது நடந்தால் திட்டத்தை மாற்றுவேன். தொடர் முடிந்த பிறகு பிரித்துப் படியுங்கள். தோற்ற ஆட்டத்தின் குறிப்பு சரியாக இருந்து, ஹெட் போல ஒருவர் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், கேப்டனிடம் குறையில்லை. வென்ற ஆட்டத்தின் குறிப்பு முழுக்கத் தப்பாக இருந்தால் அன்று கவலைப்படுங்கள். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு உறையும்.

ஓவர் ரேட், அதாவது மணிக்கு எத்தனை ஓவர் போடுகிறார்கள் என்பது பற்றி. இதை அபராத விஷயமாக மட்டும் நினைக்கும் வாரியங்கள் இன்னும் உண்டு. டெஸ்டில் ஒரு நாளுக்கு 90 ஓவர், மணிக்கு 15, அதாவது ஒரு ஓவருக்கு 240 விநாடி. வேகப்பந்து வீச்சாளர் பந்துக்கு 35 விநாடி எடுத்தால் 210 போய்விடுகிறது. முனை மாற 30 விநாடிதான். மிட்-ஆனிலிருந்து நடந்து வந்து பவுலரின் தோளில் கைபோட்டுப் பேசினால் அதுவும் காலி. விக்கெட், காயம், ரிவியூ, தண்ணீர் இடைவேளை ஆகியவற்றுக்கு அம்பயர்கள் நேரம் கழித்துக் கொடுப்பார்கள். யோசனைக்குக் கொடுக்க மாட்டார்கள். நான்கு வேகப்பந்து வீச்சாளர்களை நீங்கள் தேர்ந்து அனுப்பிவிட்டு, ஓவர் குறைந்ததற்குக் கேப்டனின் சம்பளத்தைப் பிடித்தால் அது என்ன நியாயம்? 2020 டிசம்பர் மெல்போர்ன் டெஸ்டில் இரண்டு ஓவர் குறைந்ததற்காக ஆஸ்திரேலியா 4 புள்ளிகளை இழந்தது. அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால் முதலாவது டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் அவர்கள் ஆடியிருப்பார்கள். போனது நியூசிலாந்து, கோப்பையும் அவர்களுக்கே. இரண்டு ஓவர் என்பது எட்டு நிமிடம்.

டி20இல் தண்டனை அன்றே வந்து சேரும். குறித்த நேரத்துக்குள் கடைசி ஓவரைத் தொடங்கும் நிலைக்கு வரவில்லை என்றால், மீதி ஓவர்களுக்குக் களத்தின் உள்வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேர்தான். டெத் ஓவரில், அதாவது கடைசிக் கட்ட ஓவர்களில், ஒரு எல்லைக்கோட்டு ஃபீல்டரைப் பறிகொடுப்பது எத்தனை ரன் என்று உங்கள் பவுலர்களையே கேளுங்கள். ஓவர்களுக்கு இடையே 60 விநாடிக் கடிகாரம் வேறு வந்துவிட்டது. இரண்டு எச்சரிக்கை, அப்புறம் 5 ரன். ஆகவே கடிகாரத்தைப் பார்ப்பதற்கென்றே களத்தில் ஒருவர் வேண்டும். அது கேப்டனாக இருக்கக் கூடாது. மிட்-ஆஃபில் நிற்கும் இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு ஐந்து ஓவருக்கும் விரலால் கணக்குக் காட்டச் சொன்னால் போதும்.

பவுலர் கேப்டனாகக் கூடாது என்ற பழைய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. இம்ரான் கானும் கபில் தேவும் கோப்பை தூக்கிய பிறகும் அது சாகவில்லை. கம்மின்ஸ் 2021இல் பதவியேற்றபோது, 1956இல் ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கிய ரே லிண்ட்வாலுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவை டெஸ்டில் நடத்திய முதல் வேகப்பந்து வீச்சாளர் அவர்தான். 2023இல் டெஸ்ட் சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை இரண்டும் வந்தன. அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பது உண்மை: பவுலர் தன்னையே எப்போது நிறுத்துவது? களைப்பில் நல்ல முடிவு வராது. அதற்குத் தீர்வும் உண்டு. கேப்டன் பந்து போடும்போது ஃபீல்டிங்கும், "போதும், பந்தைக் கொடு" என்கிற சொல்லும் ஸ்லிப்பிலோ கீப்பராகவோ நிற்கும் துணைக் கேப்டனின் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும்.

டிக்ளேர் செய்வதை, அதாவது விக்கெட் மீதி இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்வதைப் பற்றி நிறையப் பேசலாம். ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறோம். 1968இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் கார்ஃபீல்ட் சோபர்ஸ் 92 ரன்னுக்கு 2 விக்கெட் என்ற நிலையில் டிக்ளேர் செய்து, 165 நிமிடத்தில் 215 எடுக்கச் சொன்னார். இங்கிலாந்து மூன்று நிமிடம் மீதி வைத்து வென்றது, தொடரும் போனது. சோபர்ஸை ஊரே ஏசியது. 2023 எட்ஜ்பாஸ்டனில் ஸ்டோக்ஸ் முதல் நாளே 393க்கு 8 என்று டிக்ளேர் செய்து 2 விக்கெட்டில் தோற்றார். அவரையும் ஏசினார்கள், ஆனால் பதவியில் வைத்திருந்தார்கள். அந்த வித்தியாசம் வாரியத்தின் கையில் இருக்கிறது.

களத்துக்கு வெளியே நடப்பதையும் கணக்கில் எடுங்கள். நீக்கப்பட்டவரிடம் முகத்துக்கு நேரே சொல்வது, தோற்ற மாலையில் பத்திரிகையாளர் முன் உட்காருவது, விளம்பரக்காரர்கள், விமானம். இவற்றை விடப் பெரிய ஆபத்து, சூதாட்டத் தரகர்கள் முதலில் தேடிவரும் ஆள் கேப்டன்தான் என்பது. 2000 ஜனவரியில் செஞ்சூரியனில், மழையால் செத்துப்போன டெஸ்டுக்கு உயிர் கொடுத்ததாகத் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியேவைப் பாராட்டினார்கள். இரு அணிகளும் ஓர் இன்னிங்ஸை விட்டுக்கொடுத்த அந்த ஆட்டத்துக்குப் பின்னால் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2018 கேப் டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் ஸ்மித் தானே தேய்க்கவில்லை. நடக்கப் போவது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டார். 12 மாதத் தடை. புதிய கேப்டனுக்கு முதல் வாரத்திலேயே இந்த இரண்டையும் உட்காரவைத்துப் பாடமாக நடத்துங்கள். தொலைபேசி அழைப்பு வந்தால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

இனி, முடிவுக் காலம். இங்கேதான் வாரியங்கள் அதிகம் சொதப்புகின்றன.

1984 நவம்பரில் ஆஸ்திரேலிய கேப்டன் கிம் ஹியூஸ் கண்ணீரோடு விலகியபோது ஆலன் பார்டரிடம் வந்தது நொறுங்கிக்கிடந்த அணி. அடுத்த மூன்று ஆண்டுகள் தோல்விக்கு மேல் தோல்வி; நியூசிலாந்திடம்கூடத் தொடரை இழந்தார்கள். தேர்வாளர்கள் அவரை மாற்றவில்லை. 1987இல் உலகக் கோப்பை, 1989இல் 4-0 என்று ஆஷஸ். 93 டெஸ்ட், இடைவெளியே இல்லாமல். கிரீம் ஸ்மித்துக்கு 22 வயதில் பொறுப்பு கொடுத்த தென்னாப்பிரிக்கா, அவர் தானாகப் போகும்வரை விட்டுவைத்தது. 109 டெஸ்ட், 53 வெற்றி, இரண்டுமே உலக சாதனை. எதிர்ப்பக்கம் பாருங்கள். 1988இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒரே தொடரில் இங்கிலாந்து கேட்டிங், எம்புரே, கவுட்ரி, கூச் என்று நான்கு கேப்டன்களை மாற்றியது. 1958-59இல் இந்தியா அதே எதிரணியிடம் அதே காரியத்தைச் செய்தது. பழைய கதை என்று தள்ளவும் முடியாது: 2023 நவம்பரில் ஷாஹீன் ஷா அஃப்ரிடி பாகிஸ்தானின் டி20 கேப்டன் ஆனார், நியூசிலாந்தில் ஒரே தொடர் ஆடினார், மார்ச்சில் பதவி மறுபடி பாபர் ஆசமிடம், அக்டோபரில் பாபரும் விலகினார். ஐந்து ஆட்டத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அணிக்கு மட்டும் ஒன்று தெரிந்துவிடுகிறது: இந்தக் கேப்டனும் நிலையில்லை, சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

அளவுக்கு மீறி வைத்திருப்பதும் கெடுதல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஜோ ரூட்டின் கடைசி 17 டெஸ்டில் இங்கிலாந்து வென்றது ஒன்று. 2022 ஏப்ரலில் அவர் விலக, ஸ்டோக்ஸ் ஏறக்குறைய அதே ஆட்களோடு அடுத்த 11 டெஸ்டில் 10 வென்றார். ரூட்டும் சுமை இறங்கியவராக ரன் குவித்தார். மாற்றத்தால் அணிக்கும் லாபம், ஆளுக்கும் லாபம். தாமதம் ஏன் வந்தது? எப்போது மறுபரிசீலனை செய்வது என்று யாரும் முன்கூட்டிக் குறிக்காததால். கால அளவு எழுதப்படாத பதவியில் இருப்பவர் தானாக விலகினால் கோழை, இருந்தால் பேராசைக்காரர்.

ஓய்வு கொடுப்பதும் கேப்டனை வைத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று. மெக் லானிங் 21 வயதில் ஆஸ்திரேலியாவின் கேப்டன் ஆனவர். 2022 ஆகஸ்டில் கால வரையறை இல்லாமல் விடுப்பு எடுத்தார். வாரியம் இடத்தை நிரப்ப அவசரப்படவில்லை. ஜனவரியில் திரும்பினார், பிப்ரவரியில் டி20 உலகக் கோப்பையை வென்றார். ஆடவர் அணி ஒன்றில் கேப்டன் ஐந்து மாதம் விடுப்புக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். உள்ளூர் முதல்தர ஆட்டத்தில் இரண்டு பருவமாவது தலைமை தாங்காதவரை நாட்டு அணிக்குக் கேப்டன் ஆக்காதீர்கள். முன்னணி வீரர்களுக்கு உள்ளூர் ஆட்டத்துக்கு நேரமில்லை என்றால், துணைக் கேப்டனிடம் பயிற்சி ஆட்டங்களை முழுதாக ஒப்படையுங்கள். கேப்டன் அன்று ஃபைன் லெக்கில் நின்று வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். பெயரை அறிவிக்கும் நாளிலேயே காலத்தையும் அறிவியுங்கள்: இரண்டு ஆண்டு, அல்லது ஒரு டெஸ்ட் சாம்பியன்ஷிப் சுற்று. தொடரின் நடுவில் கைவைக்காதீர்கள். எடுக்க முடிவு செய்தால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள், நேரில், செய்தியாளருக்குக் கசிவதற்கு முன். வெற்றி விகிதத்துக்குப் பக்கத்தில் இந்த ஐந்து கணக்குகளையும் வையுங்கள்: டாஸ் குறிப்பு, ரிவியூவில் சரியும் தப்பும், குறைந்த ஓவர்கள், புதுப்பந்து வந்தபோது முதல் இரு பவுலர்களுக்குக் கிடைத்திருந்த ஓய்வு, டெத் ஓவர்கள் திட்டமிட்ட ஆளிடமே போய்ச் சேர்ந்ததா. இவற்றைக் குறித்துத்தர ஒவ்வோர் ஆட்டத்திலும் ஸ்கோரர் மேஜையில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஸ்கோரர்கள், பயிற்சியாளர்கள், அம்பயர்கள் சிலர்